கடைக்கு ஒரு சேர்வர்: எந்த ஓ.எஸ் போடுவது?

"தம்பி, சேர்வருக்கு எந்த ஓ.எஸ் நல்லது?" என்று கேட்கிறவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான். "காலையில் கடை திறக்கிற நேரம் அது எழும்பாமல் படுத்துவிட்டால் யாரைக் கூப்பிடுவீர்கள் அண்ணை?"

சிலர் சிரித்துவிட்டு யோசிப்பார்கள். சிலர் உடனே கனடாவில் இருக்கும் மருமகனின் பெயரைச் சொல்வார்கள். மருமகன் கெட்டிக்காரனாகவே இருக்கட்டும். இங்கே காலை ஒன்பது மணி என்றால் ரொறொன்ரோவில் கோடையில் முதல்நாள் இரவு பதினொன்றரை, குளிர்காலத்தில் பத்தரை. உங்கள் கடைக்குச் சனம் வருகிற நேரம் அவர் படுக்கப் போகிற நேரம். ஆகவே அந்தக் கேள்விக்கு யாழ்ப்பாணத்துக்குள்ளேயே ஒரு பதில் வேண்டும். ஓ.எஸ் தெரிவில் பாதி அந்தப் பதிலிலேயே முடிந்துவிடும்.

பள்ளிக்கூடப் புத்தகத்தில் இதைப் 'பணிசெயல் முறைமை' என்கிறார்கள், இணையத்தில் 'இயங்குதளம்' என்று எழுதுகிறார்கள், கடைவீதியில் 'ஓ.எஸ்'. மூன்றும் ஒன்றுதான், கணினியை எழுப்பி மற்ற மென்பொருள்களை ஓடவிடும் அடிப்படை மென்பொருள். சேர்வர் என்பது கடையின் மற்றக் கணினிகளுக்குப் பொதுவாக நிற்கும் கணினி. கட்டற்ற ஓ.எஸ்களை, அதாவது யாரும் எடுத்துப் பாவித்துத் திருத்தக்கூடியவற்றை, பெரும்பாலும் லினக்ஸ் என்ற வகையைப் பற்றி மட்டும்தான் இங்கே பேசப்போகிறேன். 2022இல் டொலர் 200 ரூபாய்ச் சொச்சத்திலிருந்து சில மாதங்களுக்குள் 360ஐத் தொட்டது. சேர்வர் லைசன்ஸுக்கு டொலரில் விலை, அதோடு இணைகிற ஒவ்வொரு ஆளுக்கோ கணினிக்கோ தனி அனுமதிப் பணம் என்ற கணக்கெல்லாம் அப்போதுதான் பல முதலாளிமாருக்கு உறைத்தது. லினக்ஸில் அந்தப் பணம் இல்லை. ஆனால் வேலை செய்து தருகிறவருக்குக் கூலி உண்டு. 'சும்மா கிடைக்கிற சாமான்தானே' என்று அதில் கைவைக்காதீர்கள்.

முதலில், சேர்வர் தேவைதானா?

ஒரு கணினி, ஒரு பில் பிரிண்டர், ஒரு கணக்குப்பிள்ளை. இவ்வளவுதான் கடை என்றால் சேர்வர் வேண்டாம். நல்ல பேக்கப் ஒன்று போதும். இரண்டு மூன்று கணினிகள் ஒரே சரக்கிருப்பைப் பார்க்க வேண்டும், அல்லது எல்லோரும் திறக்கிற கோப்புகள் ஓரிடத்தில் இருக்க வேண்டும் என்று வரும்போதுதான் சேர்வர் என்ற பேச்சே வரவேண்டும்.

ஒரு தாளை எடுத்து, அந்தப் பெட்டி செய்யவேண்டிய வேலைகளை எழுதுங்கள். கோப்புப் பகிர்வு, பில்லிங் தரவுத்தளம், சிசிரிவி பதிவு, இணையத்தளம் என்று பட்டியல் நீளும். பிறகு இணையத்தளத்தையும் மின்னஞ்சலையும் வெட்டிவிடுங்கள். அவை இரண்டும் கடைக்குள் இருக்கக்கூடாது. கறண்ட் போனால் தளமும் போகும், வெளியே திறந்துவிட்ட வாசலால் கள்ளனும் வருவான். அவற்றுக்கு வெளியே மாதவாடகைக்கு இடம் எடுப்பது மலிவு. சிசிரிவிக்கு அதற்கென்று பெட்டி இருக்கிறது, அதையும் வெட்டுங்கள். மிச்சமாக இரண்டு வேலைகள் இருக்கும். அந்த இரண்டுக்குத்தான் ஓ.எஸ் தேடுகிறோம்.

மென்பொருள் தந்தவரிடம் எழுத்தில் கேளுங்கள்

பலர் இந்தப் படியைத் தாண்டிவிட்டு, பிறகு திரும்பி வருவார்கள். உங்கள் பில்லிங் மென்பொருள் எந்தத் தரவுத்தளத்தில் ஓடுகிறது என்று விற்றவரிடம் கேளுங்கள். வாயால் சொல்வது போதாது, வட்ஸ்அப்பிலாவது எழுதி வாங்குங்கள்.

மைஎஸ்கியூஎல், மரியாடிபி, போஸ்ட்கிரெஸ் என்றால் கவலை இல்லை, கீழே சொல்லப்போகும் எதிலும் ஓடும். மைக்ரோசொஃப்டின் எஸ்கியூஎல் சேர்வர் என்றாலும் பயப்பட வேண்டாம். அது 2017ஆம் ஆண்டுப் பதிப்பிலிருந்து லினக்ஸிலும் ஓடுகிறது. ஆனால் எல்லா லினக்ஸிலும் அல்ல. ரெட்ஹட், உபுண்டு போன்ற சில லினக்ஸ் வகைகளுக்குத்தான் அவர்கள் ஆதரவு தருகிறார்கள், டெபியன் அந்தப் பட்டியலில் இல்லை. உபுண்டுவிலும் எந்த எண் என்று பார்க்க வேண்டும். புதிய உபுண்டு வந்த மறுநாளே எஸ்கியூஎல் சேர்வர் அதற்கு ஆதரவு தருவதில்லை.

மென்பொருளே விண்டோஸில் மட்டும் ஓடும், தரவும் அதே கணினிக்குள் ஒரு கோப்பாகக் கிடக்கும் என்றால், அந்தக் கணினியை அப்படியே விட்டுவிடுங்கள். லினக்ஸ் சேர்வரைக் கோப்புப் பகிர்வுக்கும் பேக்கப்புக்கும் மட்டும் வையுங்கள். சம்பா என்ற மென்பொருள் லினக்ஸ் பெட்டியை விண்டோஸ் கணினிகளுக்குச் சாதாரண 'நெற்வேர்க் போல்டர்' போலக் காட்டும். தொண்ணூறுகளின் தொடக்கத்திலிருந்து இருக்கிற மென்பொருள், நம்பலாம். காசாளருக்கு உள்ளே லினக்ஸ் இருப்பதே தெரியவராது, தெரியத் தேவையும் இல்லை.

பெட்டியைப் பார்த்துத்தான் ஓ.எஸ்

கொழும்பிலிருந்து ஏ9 வழியாக வரும் பாவித்த அலுவலகக் கணினிகளைத்தான் இங்கே பலர் சேர்வராக்குகிறார்கள். அதில் பிழை ஒன்றும் இல்லை. ஐந்து பேர் வேலை செய்கிற கடைக்கு எட்டு ஜிபி ராம், ஒரே அளவில் இரண்டு டிஸ்க் இருந்தால் தாராளம். ஆனால் ஒரு கண்ணி இருக்கிறது.

2025இல் வந்த ரெட்ஹட் 10ஆம் பதிப்பும் அதன் வழிவந்த றொக்கி 10உம் பழைய புரொசெசர்களை ஏற்பதில்லை. ஏவிஎக்ஸ்2 என்ற கட்டளைத் தொகுதி புரொசெசரில் இருக்க வேண்டும். இன்டெலில் அது 2013இல் வந்த நான்காம் தலைமுறையோடு வந்தது. ஆக, ஐ5 என்று பளபளவென்று ஸ்டிக்கர் ஒட்டியிருந்தாலும் அதன் பின்னால் வரும் நான்கு இலக்க எண் 3இல் தொடங்கினால் அது மூன்றாம் தலைமுறை. நிறுவும்போதே நின்றுவிடும். நான்காம் தலைமுறைக் காலத்துப் பென்டியம், செலரொன்களிலும் அது கிடையாது. ஏவிஎக்ஸ்2 இல்லாத புரொசெசர்களுக்கு அதே குடும்பத்து அல்மாலினக்ஸ் மட்டும் 10ஆம் பதிப்பில் தனியாக ஒரு பிரதி தருகிறது. டெபியனும் உபுண்டுவும் 64பிட் என்றால் போதும் என்கின்றன. 32பிட் பெட்டி ஒன்று அலுமாரிக்கு மேலே கிடந்தால் அங்கேயே கிடக்கட்டும். டெபியன்கூட 13ஆம் பதிப்போடு அதற்கான நிறுவியை நிறுத்திவிட்டது.

வரிசையில் நிற்கிறவர்கள்

லினக்ஸ் வகைகள் நூற்றுக்கணக்கில் உண்டு. வியாபாரத்துக்கு என்று வந்தால் நான் மூன்று குடும்பங்களுக்கு வெளியே போவதில்லை.

டெபியன் 1993இல் தொடங்கியது. கம்பனி ஒன்றுக்குச் சொந்தமில்லை, உலகம் முழுக்க இருக்கும் தன்னார்வலர்கள் சேர்ந்து நடத்துகிறார்கள். அதனால் 'நாளையிலிருந்து காசு' என்றோ 'இந்தப் பதிப்பைப் பாதியில் நிறுத்துகிறோம்' என்றோ முதலாளி ஒருவர் முடிவெடுக்கிற ஆபத்து குறைவு. ஏறக்குறைய இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு பதிப்பு வரும். ஒவ்வொன்றுக்கும் மூன்று ஆண்டு முழு ஆதரவு, அப்புறம் இரண்டு ஆண்டு நீண்டகால ஆதரவு. 2025 ஓகஸ்டில் வந்த 13ஆம் பதிப்புக்கு இந்தக் கணக்கில் 2030 வரை பாதுகாப்புத் திருத்தங்கள் வரும். உள்ளே இருக்கும் மென்பொருள்கள் கொஞ்சம் பழசாக இருக்கும். கடைக்கு அது குறையே அல்ல, பழசு என்பதால்தான் அது அசையாமல் ஓடுகிறது. நிறுவுகிற கோப்பும் சின்னது. நெற்இன்ஸ்ட் என்று வருவது ஒரு ஜிபிக்கும் குறைவு, போன் டேட்டாவிலேயே இறக்கிவிடலாம். முன்பு நெற்வேர்க் கார்டு பிடிக்கவில்லை என்று நிறுவும் நேரத்தில் தலையில் கைவைக்க நேரும். 12ஆம் பதிப்பிலிருந்து அதற்கு வேண்டிய ஃபேம்வெயாரை, அதாவது கார்டை இயக்கும் சிறு மென்பொருளை, நிறுவியோடேயே சேர்த்துத் தருவதால் அந்தத் தொல்லை பெருமளவு ஒழிந்தது.

உபுண்டு 2004இல் டெபியனை அடித்தளமாக வைத்து வந்தது. கனோனிக்கல் என்ற கம்பனி நடத்துகிறது. இங்கே பெடியளுக்கு அதிகம் கைபழகியது இதுதான். பல்கலைக்கழகத்தில் படித்தவரோ திருநெல்வேலிப் பக்கம் வகுப்புக்குப் போனவரோ, லினக்ஸைத் தொட்டிருந்தால் பெரும்பாலும் உபுண்டுவில்தான் தொட்டிருப்பார். இணையத்தில் தேடினால் வரும் விளக்கங்களும் அதற்குத்தான் அதிகம். ஆதரவுக்காலமும் நல்லது. இரட்டை ஆண்டுகளில் ஏப்ரல் மாதம் வரும் எல்ரிஎஸ் (நீண்டகால ஆதரவு) பதிப்புக்கு ஐந்து ஆண்டு. உபுண்டு புரோ என்ற கணக்கை ஐந்து இயந்திரங்கள் வரை காசில்லாமல் எடுக்கலாம், எடுத்தால் பத்து ஆண்டாகும்.

எல்ரிஎஸ் என்ற அந்த மூன்று எழுத்தில்தான் நான் ஒருமுறை வழுக்கினேன். தொடக்க காலத்தில் ஒரு ஹாட்வெயார் கடைக்கு உபுண்டு போடப் போனேன். இறக்கும் பக்கத்தில் இரண்டு எண்கள் இருந்தன. பெரிய எண்தான் புதியது, புதியதுதான் நல்லது என்று நினைத்து அதையே போட்டுவிட்டேன். அது ஒக்டோபர் மாதப் பதிப்பு. அந்த வகைக்கு ஆயுள் ஒன்பது மாதம் என்பது எனக்குத் தெரியாது. அடுத்த ஆண்டு திருத்தங்கள் வருவது நின்றது, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் கடைக்குள் இருந்து எல்லாவற்றையும் திரும்பப் போட்டேன். கூலி கேட்க வாய் வரவில்லை. உபுண்டுவின் எண்ணில் முதல் பாதி ஆண்டு, மறுபாதி மாதம். 24.04 என்றால் 2024 ஏப்ரல். இரட்டை ஆண்டும் 04உம் சேர்ந்து வராவிட்டால் தொடாதீர்கள்.

மூன்றாவது ரெட்ஹட் குடும்பம். ரெட்ஹட் காசு கட்டிப் பாவிப்பது. இதில் காசில்லாமல் கிடைப்பவை அல்மாலினக்ஸ், றொக்கி லினக்ஸ் இரண்டும். இவை ஏன் இரண்டாக இருக்கின்றன என்று கேட்டால் ஒரு கதை சொல்ல வேண்டும், தெரிந்துவைத்திருப்பது நல்லது. முன்பு இந்த இடத்தில் சென்டோஸ் இருந்தது. 2019இல் வந்த அதன் 8ஆம் பதிப்பு 2029 வரை ஓடும் என்று நம்பி உலகம் முழுக்கப் போட்டார்கள். 2020 டிசம்பரில், அது 2021 கடைசியோடு முடிகிறது என்று அறிவிப்பு வந்தது. உடனே இரண்டு அணிகள் கிளம்பின. சென்டோஸைத் தொடங்கியவர்களில் ஒருவரான கிரெகரி குர்ட்சர் றொக்கியைத் தொடங்கினார். கிளவுட்லினக்ஸ் கம்பனி அல்மாவைத் தொடங்கிப் பின்னர் ஒரு அறக்கட்டளையிடம் கொடுத்தது. 2021இல் இரண்டும் வந்துவிட்டன. 7ஆம் பதிப்புச் சென்டோஸ் 2024 ஜூன் 30 வரை இழுத்துக்கொண்டு போய் முடிந்தது. இன்னும் எங்கேயாவது அது ஓடிக்கொண்டிருந்தால், அந்தக் கடைக்காரரிடம் இன்றைக்கே சொல்லுங்கள்.

இந்தக் குடும்பத்தின் பலம் ஆயுள். ஒரு பதிப்புக்குப் பத்து ஆண்டு. 9ஆம் பதிப்பை இன்று போட்டால் 2032 வரை திருத்தம் வரும். பெரிய நிறுவனங்களுக்கு மென்பொருள் விற்கிறவர்கள் "ரெட்ஹட்டிலோ அதன் ஒத்த வகையிலோ போடுங்கள்" என்று சொன்னால் அல்மாவை எடுங்கள். சொல்லாவிட்டால் இங்கே அதைப் போட எனக்குக் காரணம் தெரியவில்லை. ஊரில் அது தெரிந்த கை குறைவு. அதோடு எந்த மென்பொருள் எந்தக் கோப்பைத் தொடலாம் என்று பார்க்கும் எஸ்ஈலினக்ஸ் என்ற காவல்காரன் உள்ளே இருக்கிறான். புதியவர்கள் சம்பாவில் ஒரு ஃபோல்டரைப் பகிர்வார்கள், திறக்காது. இணையத்தில் யாரோ சொன்னதைப் பார்த்துக் காவல்காரனையே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அந்த ஃபோல்டருக்குச் சரியான அடையாளம் இட்டால் போதும், கதவைக் கழற்றத் தேவையில்லை.

பிரீபிஎஸ்டி என்ற இன்னொரு கட்டற்ற ஓ.எஸ்ஸைப் பற்றிக் கேட்பவர்கள் ஒன்றிரண்டு பேர் எப்போதும் இருப்பார்கள். நல்ல சாமான், லினக்ஸே அல்ல, இசட்எஃப்எஸ் என்ற கோப்புமுறை (டிஸ்க்கில் கோப்புகளை அடுக்கிவைக்கும் முறை) அதன் உடன்பிறப்பு மாதிரி. நெட்ஃபிளிக்ஸ் படங்களை அனுப்பும் பெட்டிகள் அதில்தான் ஓடுகின்றன. ஆனால் சுன்னாகத்தில் ஒரு பலசரக்குக் கடையில் அது நின்றுவிட்டால் யார் வருவார்? நீங்களே படித்துப் பழகத் தயார் என்றால் போடுங்கள். ஆர்ச், ஃபெடோரா போன்ற லினக்ஸ் வகைகள் வீட்டுக் கணினிக்கு.

என் கணக்கு இதுதான். மென்பொருள்காரர் ஒன்றும் சொல்லவில்லை, உங்களுக்குப் பக்கத்தில் உபுண்டு தெரிந்த பெடியன் இருக்கிறான் என்றால் உபுண்டு எல்ரிஎஸ். பெடியன் கொஞ்சம் பழுத்த கை, பெட்டி பழசு, வேலை கோப்புப் பகிர்வு மட்டும் என்றால் டெபியன். இரண்டிலும் கட்டளைகள் ஏறக்குறைய ஒன்று என்பதால் ஒன்றைத் தெரிந்தவர் மற்றதையும் சமாளிப்பார். உபுண்டுவை டெபியனைவிட வேகம் என்றோ டெபியனை உபுண்டுவைவிடப் பாதுகாப்பு என்றோ சண்டை பிடிக்கிறவர்களோடு தேத்தண்ணி குடிக்கலாம், முடிவெடுக்கக்கூடாது.

ஒத்திகை

காசு செலவழிக்க முன் உங்கள் லப்டொப்பில் வேர்ச்சுவல்பொக்ஸ் (கணினிக்குள் இன்னொரு கணினியை, வேர்ச்சுவல் இயந்திரத்தை, ஓடவிடும் மென்பொருள்) போட்டு, அதற்குள் தெரிந்தெடுத்த ஓ.எஸ்ஸை நிறுவிப் பாருங்கள். ஒருமுறை அல்ல, மூன்றுமுறை. மூன்றாம் முறை தாளைப் பார்க்காமல் செய்ய வரும். பில்லிங் தரவுத்தளத்தின் பிரதி ஒன்றை அதில் ஏற்றி, இன்னொரு கணினியிலிருந்து திறந்து ஒரு வாரம் பாவியுங்கள். அப்புறம் எழுதிக்கொண்டிருக்கும்போதே வேர்ச்சுவல் இயந்திரத்தைத் திடீரென்று அணைத்துவிடுங்கள். திரும்ப எழும்புகிறதா, கடைசி பில் இருக்கிறதா என்று பாருங்கள். இங்கே அது கற்பனைச் சோதனை அல்ல, மழைக்காலத்தில் அன்றாடம் நடப்பது.

நிறுவுகிற நாள்

நிறுவியை யூஎஸ்பியில் எழுதமுன், இறக்கிய கோப்பின் சரிபார்ப்புத் தொகையை (கோப்பு முழுதாக வந்ததா என்று காட்டும் எண்) இறக்கும் பக்கத்தில் இருப்பதோடு ஒப்பிடுங்கள். இணைப்பு இடையில் அறுந்து பாதியாக வந்த கோப்பு நிறுவும்போது விசித்திரமான பிழைகளைக் காட்டும்.

டெஸ்க்டொப் போடாதீர்கள். கறுப்புத் திரையைப் பார்த்து முதலாளி முகம் சுளிப்பார், பரவாயில்லை. அழகான திரை இருந்தால் யாராவது அதில் பாட்டுக் கேட்கத் தொடங்குவார்கள். இரண்டு டிஸ்க்கையும் ரெய்ட் 1 ஆக இணையுங்கள், இரண்டிலும் ஒரே தரவு எழுதப்படும், ஒன்று செத்தால் மற்றது ஓடும். கோப்புமுறைக்கு எக்ஸ்ட்4 போதும்.

நேர வலயம் கேட்கும்போது ஆசியா/கொழும்பு என்று தெரியுங்கள். கிரீன்விச் நேரத்துக்கு ஐந்தரை மணிநேரம் முன் என்று கையால் போடாதீர்கள். 1996இல் இந்த நாட்டில் கடிகாரத்தை ஆறரைக்கு மாற்றி, அதே ஆண்டு ஆறுக்கு இறக்கி, 2006 ஏப்ரலில்தான் பழைய ஐந்தரைக்குக் கொண்டுவந்தார்கள். அந்தக் காலத்துப் பதிவுகளின் நேரத்தைக் கணினி சரியாகக் கணிப்பது ஊர்ப் பெயரைத் தெரிந்தால் மட்டும்தான்.

சேர்வருக்கு நிலையான ஐபி முகவரி கொடுங்கள். ரவுட்டரில் வெளியிலிருந்து உள்ளே வர எந்த வாசலையும் திறக்காதீர்கள். தூரத்திலிருந்து பார்க்கத்தான் வேண்டும் என்றால் வயர்கார்ட் போன்ற விபிஎன் (இணையத்துக்குள் பூட்டிய தனிப்பாதை) ஒன்றின் ஊடாக வாருங்கள். இன்னொரு கணினியிலிருந்து சேர்வருக்குக் கட்டளை கொடுக்கும் எஸ்எஸ்எச் இணைப்புக்குக் கடவுச்சொல்லை நிறுத்தி, சாவிக் கோப்பைப் பாவியுங்கள். பாதுகாப்புத் திருத்தங்கள் தானாக ஏறும்படி வையுங்கள். உபுண்டு, டெபியன் இரண்டிலும் அதற்கென்றே அன்அட்டெண்டட்-அப்கிரேட்ஸ் என்ற பொதி இருக்கிறது.

தமிழ்ப் பெயர்கள்

வெளிநாட்டு வழிகாட்டிகள் இந்தப் பகுதியைத் தொடமாட்டா. இங்கே பாதிப் பிரச்சினை இதில்தான்.

உங்கள் கடையில் பத்து வருடமாகச் சேர்ந்த வாடிக்கையாளர் பட்டியல் பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டப்பட்டிருக்கலாம். திரையில் தமிழாகத் தெரியும். ஆனால் கணினிக்குள் கிடப்பது ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும்தான், எழுத்துரு அதற்குத் தமிழ் முகம் போட்டுக் காட்டுகிறது. புதிய சேர்வருக்குக் கொண்டுபோனால் முகமூடி கழன்றுவிடும். தேடவும் முடியாது, அகரவரிசைப்படுத்தவும் முடியாது. ஆகவே சேர்வரை மாற்றுவதற்கு முன்பே, தமிழ்க் குறிகளுக்குத் தனித்தனி எண் கொடுக்கும் பொது முறையான யுனிகோடுக்குக் கொண்டுவாருங்கள். மாற்றிகள் இணையத்தில் இருக்கின்றன, ஆனால் கண்ணை மூடிக்கொண்டு முழுப் பட்டியலையும் போடக்கூடாது. அதே நிரலில் ஆங்கிலத்தில் தட்டிய கம்பனிப் பெயர்களும் இருக்கும், அவையும் தமிழ்க் கொத்துரொட்டியாகிவிடும். முதலில் ஆங்கில வரிகளைப் பிரித்து வேறாக வையுங்கள். மிச்சத்தை மாற்றுங்கள். பிறகு கடையில் பழைய ஆள் ஒருவரை இருத்தி ஒவ்வொரு பெயராகப் பார்க்கச் சொல்லுங்கள். அலுப்பான வேலைதான்.

மைஎஸ்கியூஎல், மரியாடிபியில் எழுத்துத் தொகுதியாக யூடிஎஃப்8எம்பி4 என்பதைத் தெரியுங்கள். எம்பி4 இல்லாத பழையது தமிழ் எழுத்தைத் தாங்கும், ஆனால் வாடிக்கையாளர் அனுப்பிய குறிப்பில் ஒரு சிரிப்புப் படம் இருந்தால் விக்கித்துப்போகும். வரிசைப்படுத்தும் முறையையும் மொழிக்கேற்றதாக வையுங்கள். வெறும் குறியீட்டு எண்ணின்படி அடுக்கினால் ஜெயந்தன் சண்முகத்துக்கும் ஞானத்துக்கும் நடுவில் போய் இருப்பார், றஞ்சன் ரவிக்குப் பக்கத்திலேயே வந்துவிடுவார். பட்டியலைத் தாளில் அச்சடித்துத் தேடும் கணக்குப்பிள்ளை உங்களைத்தான் ஏசுவார்.

இன்னொன்று. எக்ஸ்ட்4இல் ஒரு கோப்பின் பெயர் 255 பைட்டுக்குள் இருக்க வேண்டும். ஒரு தமிழ்க் குறியீடு மூன்று பைட் பிடிக்கும், காலும் கொம்பும் புள்ளியும் தனித்தனிக் குறியீடு. ஆக 85 குறியீடுகளோடு முடிந்தது. விண்டோஸில் இந்தக் கணக்கு வேறு. அங்கே சரியாக இருந்த 'நல்லூர்த் திருவிழாக்காலச் சரக்குக் கொள்வனவும் கடன் நிலுவைகளும்' மாதிரியான பெயர்கள், பின்னால் இரண்டு திகதியும் 'கடைசியாகத் திருத்தியது' என்ற சொற்களும் ஒட்டியதும், சேர்வருக்கு வரும்போது பிழை காட்டி நின்றுவிடும். பிரதி எடுக்கமுன் நீளப் பெயர்களைக் கத்தரியுங்கள்.

கறண்ட்

2022 மார்ச் கடைசியில் ஒரு நாளுக்குப் பதின்மூன்று மணிநேர வெட்டு வந்ததை யாரும் மறக்கவில்லை. இப்போது அப்படி இல்லை. ஆனாலும் யுபிஎஸ் இல்லாமல் சேர்வர் வைக்காதீர்கள். வாங்கும்போது பின்னால் யூஎஸ்பி வாசல் இருக்கிறதா என்று திருப்பிப் பாருங்கள். அது இருந்தால்தான் 'பற்றரி முடியப்போகிறது' என்று யுபிஎஸ் சேர்வருக்குச் சொல்லும், சேர்வர் தானாக ஒழுங்காக மூடிக்கொள்ளும். அதற்கான மென்பொருள், நட் என்பது, மேலே சொன்ன மூன்று குடும்பங்களுக்கும் கிடைக்கிறது. கணினியின் பயோஸில் கறண்ட் வந்ததும் தானாக எழும்பும்படி ஒரு தெரிவு இருக்கும், அதையும் போட்டுவிடுங்கள்.

இதைவிடப் பெரிய எதிரி கடை பூட்டும்போது மெயின் சுவிச்சை இறக்கும் பழக்கம். அப்பா காலத்திலிருந்து வருவது, தீப்பிடிக்கும் என்ற பயம், நியாயமானதும்கூட. ஆனால் இரவு இரண்டு மணிக்கு பேக்கப் ஓட வேண்டிய பெட்டி ஒவ்வொரு இரவும் செத்துக் கிடக்கும். எலெக்ட்ரீசியனைக் கூப்பிட்டுச் சேர்வருக்கு மட்டும் தனி லைன் இழுங்கள். முடியாவிட்டால் பேக்கப் நேரத்தை மத்தியானச் சாப்பாட்டு நேரத்துக்கு மாற்றுங்கள். பெட்டியை நிலத்தில் வைக்காதீர்கள். மாரியில் வெள்ளம், கோடையில் புழுதி, கரையோரம் என்றால் உப்புக்காற்று, எங்கே என்றாலும் பல்லி.

பிரதி

ரெய்ட் பேக்கப் அல்ல. யாராவது ஒரு கோப்பைத் தவறி அழித்தால் இரண்டு டிஸ்க்கிலும் ஒரே நொடியில் அழியும். மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று கடைக்கு வெளியே என்ற பழைய கணக்கையே பின்பற்றுங்கள். எளிதாகச் செய்வதென்றால் இரண்டு யூஎஸ்பி டிஸ்க் வாங்குங்கள். ஒன்று சேர்வரில் இருக்கும்போது மற்றது முதலாளி வீட்டில். வெள்ளிக்கிழமை மாற்றிக்கொள்ளுங்கள். வீட்டுக்குப் போகும் டிஸ்க்கைக் கடவுச்சொல் இல்லாமல் யாரும் படிக்க முடியாதபடி குறியாக்கம் செய்யுங்கள். வாடிக்கையாளர் விபரங்கள் உள்ளே இருக்கின்றன, 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இந்த நாட்டிலும் இருக்கிறது.

மாதம் ஒருமுறை அந்த டிஸ்க்கிலிருந்து ஏதாவது ஒரு கோப்பையும், முழுத் தரவுத்தளத்தையும் லப்டொப்பில் இருக்கும் வேர்ச்சுவல் இயந்திரத்துக்கு மீட்டுப் பாருங்கள். ஒத்திகைக்குப் போட்டது இப்போதும் உதவும், அழித்துவிடாதீர்கள்.

மாற்றும் நாள்

நல்லூர்க் கொடியேற்றத்திலிருந்து தேர், தீர்த்தம் முடியும் வரை, தீபாவளிக்கு முந்திய மூன்று வாரம், தைப்பொங்கலுக்கு முந்திய வாரம், இந்த நாட்களில் சேர்வரைத் தொடவே வேண்டாம். மாதக் கடைசியும் கூடாது. மாதத்தின் நடுவில் ஒரு சனிக்கிழமை பின்னேரம் கடையைப் பூட்டியபின் தொடங்குங்கள், ஞாயிறு முழுக்கக் கையில் இருக்கும். பழைய கணினியை அழிக்காமல் ஒரு மாதம் அப்படியே மூலையில் வையுங்கள். திங்கட்கிழமை காலை நீங்கள் கடையில் இருக்க வேண்டும், போனில் அல்ல.

ஒரு கொப்பி வாங்கி, எந்தப் பதிப்பு, எந்த ஐபி, எந்த ஃபோல்டர் யாருக்கு, பேக்கப் எத்தனை மணிக்கு என்று தமிழில் எழுதிவையுங்கள். நிர்வாகக் கடவுச்சொல்லை உறையில் போட்டு ஒட்டி முதலாளியின் இரும்புப்பெட்டிக்குள் வையுங்கள். செய்து கொடுத்த பெடியன் வெளிநாடு போய்விட்டால், பெரும்பாலும் போய்விடுவான், அடுத்தவன் அதிலிருந்துதான் தொடங்குவான். கடைசியாக ஒரு தாளில் ஓ.எஸ்ஸின் பெயர், பதிப்பு எண், ஆதரவு முடியும் ஆண்டும் மாதமும் பெரிய எழுத்தில் எழுதிப் பெட்டியின் முன்பக்கம் ஒட்டுங்கள். சுவர்க் கலண்டரில் எழுதினால் தையோடு கிழித்துப்போட்டுவிடுவார்கள். அதற்குக் கீழே, காலை ஒன்பது மணிக்கு வரக்கூடிய இரண்டு பேரின் போன் இலக்கம்.